கால்கள் உலகில், கண்கள் ஹைஃபெங்கில்

முதல் நாள்: பெய்ஜிங்

பையை விடுதியில் போட்டதும் நேராக வூதாவ்கோவ் பக்கம் போய்விட்டேன். பெய்ஜிங்குக்கு முதல் முறை வருகிறவர்கள் அரண்மனைக்குப் போவார்கள், பெருஞ்சுவருக்குப் போவார்கள். எனக்கு முதலில் பார்க்க வேண்டியிருந்தது இப்போது இல்லாத ஓர் இடம். 2006-ல் இங்கே டி-22 என்ற சின்ன கிளப் திறந்தது. நடத்தியவர் மைக்கேல் பெட்டிஸ், பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நிதியியல் பாடம் எடுத்த அமெரிக்கர். 2012 ஜனவரியில் மூடிவிட்டார்கள். ஆறு வருடம்கூட முழுதாக இல்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் சீன இசைக்குழுக்களில் பாதி, அந்த மேடையில் ஏறி இறங்கியவைதான்.

அதில் ஒன்று கார்சிக் கார்ஸ். அவர்களுடைய பேர்பெற்ற பாட்டின் தலைப்பு சோங்நான்ஹாய். அது ஒரு சிகரெட்டின் பெயர். நாட்டின் தலைவர்கள் இருக்கும் வளாகத்துக்கும் அதே பெயர். பாட்டு சிகரெட்டைப் பற்றியதுதான். அது தொடங்கினால் கூட்டத்திலிருந்து மேடைக்குச் சிகரெட்டுகள் பறந்து வரும். கைநடுங்க எடுத்த அப்படியொரு வீடியோவைத்தான் ஆறு வருடம் முன்னால் ஓர் இரவில் பார்த்தேன். என்ன பாடுகிறார்கள் என்று தெரிய வேண்டும் போலிருந்தது. அடுத்த மாதமே சீன வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

இப்போது என் போனில் 43 வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாம் சுயாதீன இசைக்குழுக்களின் பாட்டுகளுக்கானவை. பாதிக்கு மேல் கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் வந்தவை. இந்தப் பயணத்தின் நோக்கம் ஒன்றுதான்: அந்த வீடியோக்களில் தெரியும் தெருக்களில் நடக்க வேண்டும். பெய்ஜிங்கில் தொடங்கி ரயிலில் தெற்கே போகிறேன். ஷிஜியாஜுவாங், வூஹான், குவாங்சோ, கடைசியில் ஹைஃபெங். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஒரு சந்துக்குள் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்று கிடைத்தது. கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ரம்பத்தால் அறுத்திருந்தது. அறுத்த இடத்தில் பிளாஸ்டிக் உருகித் திரண்டு, தொட்டால் கீறியது.

இதற்குத் தாகோவ் என்று பெயர். 1990-களில் மேற்கு நாட்டு இசை நிறுவனங்கள் விற்காமல் தேங்கியவற்றை ஓரத்தில் வெட்டி, பிளாஸ்டிக் கழிவாகக் கப்பலேற்றி அனுப்பின. உருக்க வேண்டியவை குவாங்தோங் மாகாணத் துறைமுகங்களில் இறங்கி, மூட்டை மூட்டையாக நாடெங்கும் போய்த் தெருவோரக் கடைகளில் விற்றன. ஒரு தலைமுறை ராக் இசை கேட்டது இப்படித்தான். சிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி ஓடும். அதனால் ஓரத்தில் வெட்டினால் போவது கடைசிப் பாட்டு. "அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேருக்கு எந்த ஆல்பத்துக்கும் முடிவு தெரியாது" என்றார் கடைக்காரர். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டேன். விலை சொல்ல மறுத்தவர், பத்து யுவானை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள்: பெய்ஜிங்

இன்று இரவு ஒரு நிலவறைக் கூடத்தில் நான்கு இசைக்குழுக்கள் வாசித்தன. இந்த மாதிரி இடங்களை இங்கே லைவ்ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். டிக்கெட் வாங்க அடையாள எண் வேண்டும். செயலியில் என் பாஸ்போர்ட் எண் ஏறவே இல்லை. வாசலில் நின்ற மாணவி ஒருத்தி தன் நண்பன் வராததால் மிச்சமிருந்த இடத்தைப் பற்றி வாசல்காரரிடம் பேசி, என்னை உள்ளே அழைத்துப் போனாள்.

ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏறும் இடைவெளியில் சுவரில் வீடியோக்கள் ஓடின. அதில் நியூ பேண்ட்ஸ் குழுவின் பழைய களிமண் பொம்மை வீடியோ ஒன்று வந்ததும் கூடம் முழுக்கச் சத்தம். அந்தக் குழுவின் பாடகர் பெங் லெய் அனிமேஷன் தெரிந்தவர். தங்கள் வீடியோக்களைத் தானே செய்தார், பின்னால் திரைப்படமும் எடுத்தார். களிமண் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படமாவது வேண்டும். காசு இல்லாதவனிடம் நேரம் இருந்தால் போதும் என்ற வழி அது. பொம்மையின் கன்னத்தில் கைரேகை பதிந்திருப்பது சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

இந்தக் குழு 1996-ல் தொடங்கியது. 2019-ல் இணையத்தில் ஓடிய இசைக்குழுப் போட்டி நிகழ்ச்சியில் முதலிடம் பெற்ற பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பெய்ஜிங்கில் யாரிடம் கேட்டாலும் இரண்டு கருத்து உண்டு. கூடத்தில் என் பக்கத்தில் நின்றவர், அது வந்த பிறகு டிக்கெட் விலை ஏறிவிட்டது என்றார். என்னை உள்ளே அழைத்துப் போன மாணவி அதைப் பார்த்துத்தான் டிரம்ஸ் கற்க ஆரம்பித்தாளாம். நான் மாணவியின் பக்கம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்தச் சீன வீடியோவை எடுத்தாலும் அடியில் பாட்டு வரிகள் ஓடும். பாட்டில் மெட்டு ஏறும்போது சொல்லின் தொனி கரைந்துவிடுகிறது. தொனி போனால் சீனத்தில் பொருள் குழம்பும். அதோடு, ஊருக்கு ஊர் பேச்சு வேறு. ஆனால் எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான். காது கைவிட்ட இடத்தில் கண் பிடித்துக்கொள்கிறது. வரிகளுக்கு மேலே, பிலிபிலி போன்ற தளங்களில், பார்க்கிறவர்கள் எழுதும் குறிப்புகள் வலமிருந்து இடமாகப் பறந்துகொண்டே இருக்கும். அதற்கு தான்மு என்று பெயர், தோட்டாத் திரை. தனியாக அறையில் உட்கார்ந்து பார்த்தாலும் கொட்டகையில் பார்ப்பது போல இருப்பது அதனால்தான்.

இப்படி எழுதியும் பார்த்தும் சேர்த்ததெல்லாம் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஷியாமி என்ற இசைத்தளத்தில் ஏராளமான சின்னக் குழுக்கள் தங்கள் பாட்டுகளை வைத்திருந்தன. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி அது மூடப்பட்டது. என் பழைய பட்டியல் ஒன்றும் அதோடு போனது. வீடியோக்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்ததுதான்.

மூன்றாம் நாள்: ஷிஜியாஜுவாங்

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றே கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சுற்றுலாப் புத்தகங்கள் இந்த ஊருக்கு அரைப் பக்கம் ஒதுக்கினாலே அதிகம். நான் வந்தது ஒரே ஒரு பாட்டுக்காக.

எல்லாம் வல்ல இளைஞர் விடுதி. தமிழில் சொன்னால் இதுதான் அந்தக் குழுவின் பெயர். 2010-ல் முதல் ஆல்பம், அடுத்தது பத்து வருடம் கழித்து 2020-ல். முதல் ஆல்பத்தில்தான் 'அந்த ஷிஜியாஜுவாங்காரனைக் கொல்' என்ற பாட்டு இருக்கிறது. தலைப்பைக் கேட்டால் கொலைக் கதை போலிருக்கும். பாட்டிலோ, சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்துத் தொழிற்சாலை உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகும் ஒருவன். மனைவி கஞ்சி வைக்கிறாள். அவன் பீர் குடிக்கப் போகிறான். இப்படியே முப்பது வருடம். அப்புறம் அந்தக் கட்டடமே இடிந்து விழுகிறது. 1990-களின் கடைசியில் அரசு ஆலைகளில் கோடிக்கணக்கான பேர் வேலை இழந்ததை அனுபவித்தவர்களுக்கு, எந்தக் கட்டடம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாட்டை வைத்து ரசிகர்கள் வெட்டி ஒட்டிய வீடியோக்கள் ஏராளம். பழைய ஆலை வாசல், சைக்கிள் கூட்டம், குடியிருப்பு மாடிப்படி, பனி பெய்யும் தண்டவாளம். என் பட்டியலில் மட்டும் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் ஆறு மணி வரி வரும்போது திரையில் பறப்பவை ஊர்ப் பெயர்கள். ஷென்யாங், லுவோயாங், தாய்யுவான், பாவ்தோவ் என்று ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஊரில் வடசீன மருந்தாலை என்ற பெரிய ஆலை உண்டு. 1958-ல் பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியது. பழைய வளாகப் பக்கம் சரியாக ஆறு மணிக்குப் போய் நின்றேன். சங்கு ஊதவில்லை, கூட்டம் வரவில்லை. எதிர்ச் சாரியில் பள்ளிப் பிள்ளைகள் மின்சார ஸ்கூட்டர்களின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காதில் பாட்டைப் போட்டேன். கடைசியில் வரும் டிரம்பெட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கருவி ஏன் அவ்வளவு உயரத்துக்குப் போய்க் கத்துகிறது என்று இந்தத் தெருவில் நின்று கேட்டபோதுதான் பிடிபட்டது. சமவெளி. அருகில் மலை இல்லை, கடல் இல்லை. ஒலி போய்த் திரும்பிவர இடமே இல்லை.

2023 ஜூலையில் இந்த நகரம் தன்னை 'ராக் நகரம்' என்று அறிவித்துக்கொண்டு, பூங்காவிலும் கடைவீதியிலும் கச்சேரிகள் நடத்தியது. அதற்கு நியாயமும் உண்டு. சீன ராக் ரசிகர்கள் வளர்ந்ததே இந்த ஊரிலிருந்து வந்த இரண்டு இசைப் பத்திரிகைகளைப் படித்துத்தான். ஆனால் அதே சமயத்தில் இந்தப் பாட்டையே சொற்களை மாற்றி, 'கொல்ல முடியாத ஷிஜியாஜுவாங்' என்று உற்சாகப் பாட்டாக்கி வீடியோவும் வெளியிட்டார்கள். அதை நான் முழுதாகப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், இரண்டு முறை. அந்தப் பாட்டு எழுந்ததே ஒருவனின் களைப்பிலிருந்து. களைப்பை எடுத்துவிட்டால் மெட்டு மட்டும்தான் மிச்சம். ஊரை நேசிக்கிறவன் ஊரின் வலியைப் பாடுவான். அதை ஊருக்குக் கெட்ட பெயர் என்று நினைத்துத் திருத்துவது எனக்கு வருத்தமாக இருந்தது.

இரவு கழுதைக் கறி வைத்த ரொட்டி சாப்பிட்டேன். இந்த மாகாணத்தின் பேர்பெற்ற உணவு.

நான்காம் நாள்: வூஹான்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

வூஹானைச் சீனாவின் பங்க் ஊர் என்பார்கள். பங்க் என்றால் வேகமும் கோபமும் கலந்த ராக். 1996-ல் இங்கே தொடங்கிய எஸ்.எம்.இசட்.பி. குழுவிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. அதன் ஆரம்ப கால டிரம்மர் பின்னால் வாக்ஸ் என்ற லைவ்ஹவுஸைத் தொடங்கினார். ஊரின் இளைய குழுக்களுக்கு அதுதான் தாய்வீடு. சைனீஸ் ஃபுட்பால் என்ற குழுவும் வூஹான்தான். பெயரே அமெரிக்கன் ஃபுட்பால் என்ற குழுவுக்கு வைத்த வணக்கம். மென்மையான கிதார், வீடியோ கேம் மொழியில் ஆல்பத் தலைப்புகள். பங்க் ஊரில் இப்படியும் ஒரு குழு.

பெய்ஜிங்கில் பார்த்த மாணவியின் பள்ளித் தோழர்கள் இங்கே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மூன்று பேர், எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. இன்று அவர்களுக்கு வீடியோ ஷூட்டிங், வந்து பார்க்கிறீர்களா என்று செய்தி வந்தது. காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்கு வரச் சொன்னார்கள். எள் விழுது பிசைந்த சூடான நூடுல்ஸ் இந்த ஊர்க் காலை உணவு. அதைக் காகிதக் கிண்ணத்தில் வாங்கி நடந்துகொண்டே சாப்பிட்டபடி துறைக்குப் போனேன்.

வூஹான் மூன்று ஊர் சேர்ந்த ஊர். நடுவே யாங்சி. ஆற்றைக் கடக்கப் பாலங்கள் எத்தனையோ வந்துவிட்டன, சுரங்க ரயிலும் இருக்கிறது. ஆனாலும் கடிகாரக் கோபுரம் உள்ள பழைய சுங்க மாளிகைக்கு எதிரிலிருந்து அக்கரை வூசாங்குக்கு இன்னும் படகு போகிறது. கட்டணம் சொற்பம்தான். அவர்களுடைய ஸ்டூடியோ அந்தப் படகின் மேல்தளம்தான்.

கருவிகள்: ஒரு போன், அதைப் பிடிக்க ஆடாத கைப்பிடி, ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர், தரையில் வைக்க ஒரே ஒரு ஸ்நேர் டிரம். மொத்தச் செலவு என்ன என்று கேட்டேன். ஸ்பீக்கர் இரவல், டிரம் சொந்தம், படகு டிக்கெட் மட்டும்தான் செலவு என்றார் கிதார் வாசிக்கும் பையன். பாட்டு மூன்றரை நிமிடம். ஆனால் அக்கரை சேர்வதற்குள் அவர்களால் ஐந்தாறு டேக் எடுக்க முடிந்தது. எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். ஸ்பீக்கரில் கேட்க அணில் கீச்சிடுவது போலிருந்தது. பாடும் பெண் அந்த வேகத்துக்கே வாயசைத்தாள், டிரம்காரனும் அந்த வேகத்துக்கே அடித்தான். போனில் விநாடிக்கு 50 ஃபிரேம் பதிவாகிறது. பிறகு அதையே விநாடிக்கு 25 ஆக ஓட்டினால் வாயசைவு பாட்டோடு சரியாகப் பொருந்திவிடும். ஆனால் மற்றதெல்லாம் பாதி வேகத்தில் நகரும். கூந்தல் காற்றில் மெல்லப் புரளும், ஆற்றின் அலை எண்ணெய் போல உருளும், பின்னால் 1957-இல் கட்டிய பெரிய பாலத்தில் ரயில் கனவில் போவது போலப் போகும். பாடுகிறவள் மட்டும் நம் காலத்தில், ஊர் வேறொரு காலத்தில்.

படகில் வந்தவர்கள் யாரும் ஒதுங்கவில்லை, யாரும் கேமராவைப் பார்த்துக் கை காட்டவும் இல்லை. காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டி நடுவில் உட்கார்ந்தேவிட்டார். எழுந்திருக்கச் சொல்லவா என்று டிரம்காரன் கேட்டான். "வேண்டாம், அவங்க தினமும் வர்றவங்க. நாமதான் இன்னிக்கு வந்திருக்கோம்" என்றாள் பாடகி. நான்காவது டேக்கில் பாட்டி கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். தோல் நாடா போல அறுபடாமல் நீண்டு இறங்கியது. அதை எடுத்தவன் போனைத் தாழ்த்தவே இல்லை. கரையில் இறங்கியதும் மூவரும் தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டு அந்த டேக்கைப் பார்த்தார்கள். மெதுவாக ஓடும் திரையில் ஆரஞ்சுத் தோல் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இதுதான் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மதியம் சாப்பிடும்போது எப்போது வாசிக்கக் கற்றீர்கள் என்று கேட்டேன். 2020-ல் என்றார்கள். ஜனவரி 23 முதல் ஏப்ரல் 8 வரை, 76 நாள் ஊர் பூட்டிக் கிடந்தது. அவர்கள் அப்போது பள்ளியில். படகும் ஓடவில்லை. கிதார்காரன் வீட்டு ஜன்னலிலிருந்து ஆறு தெரியுமாம். படகே இல்லாத ஆற்றை அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்றான். அதனால்தான் படகில் எடுத்தீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்: குவாங்சோ

வூஹானிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயில். வழியில் ஜியுலியன் ஜென்ரென் குழுவின் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். குவாங்தோங்கின் மலைப்பக்கம் லியன்பிங் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். பாடுவது ஹக்கா மொழியில். அவர்களில் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தவர்களும் உண்டு. 2020-ல் வந்த ஆல்பம் முழுக்க ஆ-மின் என்ற ஒரு பையனின் கதை. ஊரை விட்டு நகரத்துக்குப் போக வேண்டும் என்று துடிப்பவன். இவர்களிடமும் ஒரு டிரம்பெட் இருக்கிறது. ஷிஜியாஜுவாங்கின் டிரம்பெட் சமவெளியில் கரைந்துபோகும். இது மலையில் மோதித் திரும்புகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

குவாங்சோவில் ஒரே வேலைதான் வைத்திருந்தேன்: ஷிபாய் கிராமம். கிராமம் என்பது பெயரளவில். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய ஊர். வீட்டுக்கு வீடு ஒட்டிக் கட்டி, எதிரெதிர் ஜன்னல்காரர்கள் கைகுலுக்கலாம். வெயில் தரைக்கு வருவதில்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வருகிறவர்கள் முதலில் வாடகைக்கு எடுப்பது இங்கேதான். நாளை நான் போகும் ஊரைச் சேர்ந்த வூதியாவ்ரென் இசைக்குழுவின் ரென்கெ, மாவ்தாவ் இருவரும் இளமையில் குவாங்சோ தெருக்களில் கடை விரித்தவர்கள். ஒருவர் திருட்டுப் பதிப்புப் புத்தகம் விற்றார். மற்றவர் விற்றது, முதல் நாள் நான் வாங்கினேனே, அந்த ஓரம் வெட்டிய தட்டுகள்.

பையிலிருந்து அதை எடுத்து ஒரு சந்து முனையில் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். சரி, நாளை ஹைஃபெங்.

ஆறாம் நாள்: ஹைஃபெங்

குவாங்சோவிலிருந்து ஷான்வெய்க்கு 2023 செப்டம்பரில் அதிவேக ரயில் வந்துவிட்டது. இறங்கி ஒரு பேருந்து. தெருவில் கால் வைத்ததும் மோட்டார் சைக்கிள் சத்தம்.

வூதியாவ்ரென் என்றால் ஐந்து பேர். ஆனால் குழுவின் உயிர் ரென்கெ, மாவ்தாவ் என்ற இரண்டு பேர்தான். 2009-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'சிற்றூர் வரலாறு' என்கிற மாதிரி. பெரும்பாலும் ஹைஃபெங் பேச்சிலேயே பாடினார்கள். அது மின்னான் மொழிக் குடும்பம். பெய்ஜிங்காரருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. தாய்நாட்டை நெஞ்சில் வை, பார்வையை உலகில் வை என்ற மாவோ காலத்து முழக்கத்தைத் திருப்பிப் போட்டு அவர்கள் வைத்துக்கொண்ட வாசகம்: உலகில் காலூன்று, ஹைஃபெங்கை நோக்கிக் கண்ணை வை. சின்ன ஊரிலிருந்து பெரிய உலகத்தை ஏக்கத்தோடு பார் என்றுதான் எல்லோரும் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். உலகத்தில்தான் ஏற்கனவே நிற்கிறாய், உன் ஊரைப் பார் என்று யாராவது சொன்னார்களா?

2020 கோடையில் அதே இசைக்குழுப் போட்டியின் இரண்டாம் பருவத்தில் இவர்கள் வந்தார்கள். முதல் மேடையிலேயே, கொடுத்திருந்த பாட்டை விட்டுவிட்டு வேறொரு பாட்டை ஹைஃபெங் பேச்சில் பாடினார்கள். திரையில் போட வரிகள் தயாராக இல்லை. நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் வரியில்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். நான் இரண்டாம் நாள் எழுதினேனே, காது கைவிட்டால் கண் பிடித்துக்கொள்ளும் என்று. அன்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தோற்று வெளியேறினார்கள். மக்கள் வாக்குப் போட்டு மீண்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். மறுபடி தோற்றார்கள், மறுபடி வந்தார்கள். தண்ணீரிலிருந்து வலை போட்டு அள்ளுவதற்குச் சீனத்தில் லாவ் என்பார்கள். அந்த ஒரு சொல் அந்த வருடம் இவர்களுடைய சொல்லாகவே ஆகிவிட்டது. கடைசியில் இரண்டாமிடம்.

மாவ்தாவுக்கு அப்போது கிடைத்த பட்டப்பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹாங்காங் நட்சத்திரம் ஆரன் குவோக்கின் சீனப் பெயர் குவோ ஃபூசெங். அதில் வரும் செங் என்றால் நகரம். அந்த இடத்தில் ஷியன்செங், அதாவது சிற்றூர் என்று செருகி, குவோ ஃபூ ஷியன்செங் என்று கூப்பிட்டார்கள். ஓர் எழுத்தைச் சேர்த்ததும் மாநகர நட்சத்திரம் நம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

ஊரைச் சுற்றினேன். செம்மாளிகை என்று ஒன்று இருக்கிறது. மிங் காலத்துக் கல்விக்கூடம். 1927 நவம்பரில் பெங் பாய் தலைமையில் விவசாயிகள் இங்கே கூடி, சீனாவின் முதல் சோவியத் ஆட்சிகளில் ஒன்றை அறிவித்தார்கள். அதன் சுவரோரம் இன்று ஒருவர் சிவப்பு பிளாஸ்டிக் பைகளில் நண்டு விற்றுக்கொண்டிருந்தார். சந்தையில் எங்கு பார்த்தாலும் அந்தச் சிவப்புப் பைதான். மீனுக்கும் அது, கீரைக்கும் அது, மழை வந்தால் தலைக்கும் அது. வூதியாவ்ரென் அதையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். மேடைக்கு அந்தப் பையும் ரப்பர் செருப்பும் போதும். மலிவானதை மறைக்காமல் கையில் தூக்கிக் காட்டும்போது அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

அவர்களுக்குப் பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகள் போனில் எடுக்கும் வீடியோக்கள் என் பட்டியலில் நான்கு உண்டு. பெரிய பெயர் இல்லாதவர்கள். வளைவுத் தூண் வைத்த பழைய கடைத்தெரு, முடிதிருத்தும் கடையின் சுழல் விளக்கு, மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், பின்னால் உட்கார்ந்தவன் கையில் கிதார். ஒரு வீடியோவில் வரும் நீலக் கதவைத் தேடி ஒன்றரை மணி நேரம் அலைந்தேன். கிடைத்தது. வீடியோவில் பார்த்ததைவிட நிறம் மங்கல், கீழ்ப்பக்கம் துரு. கதவுக்கு வெளியே ஒரு சிறுவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். போனைக் காட்டினேன். "அது எங்க அண்ணன்" என்று கிதார்காரனைக் காட்டினான். அண்ணன் எங்கே? ஷென்ஜென்னில் தொழிற்சாலையில். பாட்டு முழுதும் ஓடும் வரை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னான்.

ஏழாம் நாள்: ஹைஃபெங், காலை

மதியம் ரயில். அதற்கு முன் ஒரு கடையில் லெய்ச்சா குடிக்கப் போனேன். உள்ளே கோடு கோடாகக் கீறிய மண்சட்டியில் தேயிலையையும் எள்ளையும் வேர்க்கடலையையும் போட்டு, கட்டைக் குழவியால் அரைத்து, கொதிநீர் ஊற்றி, மேலே பொரி தூவித் தருகிறார்கள். அரைக்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குழவி சுற்றும் சத்தம் நம் வீட்டு ஆட்டுக்கல் சத்தமேதான்.

காத்திருந்த நேரத்தில் அந்த நான்கு வீடியோக்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கொஞ்சம் அதிகம் போல. அவர் குழவியை நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பாட்டைக் கேட்டார், வரிகளைப் படித்தார். பிறகு ஈரக் கையால் திரையின் அடியைத் தொட்டு, "இது தப்பு" என்றார்.

வரியில் எழுதியிருந்தது பொதுச்சீனத்தில், தேநீர் குடிப்பது என்று. ஹ-ச்சா. ஆனால் பையன் பாடுவது அது இல்லையாம். நாங்கள் தேநீரைக் குடிப்பதில்லை, சாப்பிடுகிறோம் என்றார். சொல்லிக் காட்டினார்: "சியா தே."

தே.

தேயிலையிலும் தேநீரிலும் நாம் சொல்லும் அதே தே. இந்தக் கரையோர மின்னான் பேச்சிலிருந்து கப்பலேறித்தான் அந்தச் சொல் உலகம் சுற்றி நம்மிடம் வந்தது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒருவர் வாயிலிருந்து கேட்டது இன்றுதான். எங்கள் மொழியிலும் இது தேதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சொல்லிக் காட்டச் சொன்னார். தேநீர் என்றேன். நீர் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். சட்டிக்குத் திரும்பிப் போய்க் குழவியைப் பிடித்தபடி, தேநீர், தேநீர் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் என் முறை. என் "சியா" சரியாக வரவில்லை. முடிவில் தொண்டையை டக்கென்று மூட வேண்டுமாம். கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சரியாகச் சொல்லும் வரை கரண்டியைத் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.